வளையாத சுரம்

எத்தியோப்பிய இசைக்கலைஞர் முலாட்டு அஸ்டாட்கேயின் வைப்ரபோனை (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி) முதன்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்வார்கள். நானும் செய்தேன். சுரம் மெல்ல நடுங்கிக்கொண்டே மறைகிறது. ஆகவே வாசிப்பவர் எப்படியோ சுருதியை அசைக்கிறார் என்று எண்ணிவிட்டேன். வயலின்காரர் தந்தி மேல் விரலை ஆட்டுவாரே, அதைப்போல. ஆனால் அந்தக் கருவியில் சுருதி அசைவதில்லை. ஓர் அலுமினியப் பட்டையைத் தட்டினால் அது தன் சுரத்தைச் சொல்லும், அவ்வளவுதான். கமகம் வேண்டும் என்று கெஞ்சினாலும் கிடைக்காது.

அப்படியானால் காதில் விழும் அந்த அசைவு எது? பிடிவாதமான இந்த உலோகத்தை வைத்துக்கொண்டு எத்தியோப்பியா, பாலித் தீவு, மேற்கு ஆப்பிரிக்கா என்று ஜாஸ் கலைஞர்களால் எப்படிச் சுற்றிவர முடிந்தது? விடை கருவிக்கு உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் கழற்றிப் பார்க்கலாம்.

வழக்கமான வைப்ரபோனில் 37 பட்டைகள், மூன்று ஸ்தாயி. கீழ்க்கோடிப் பட்டையின் அதிர்வெண் சுமார் 175 ஹெர்ட்ஸ், மேல்கோடிப் பட்டையினுடையது சுமார் 1,397 ஹெர்ட்ஸ். பட்டைகள் சட்டத்தில் ஆணியடித்துப் பொருத்தப்பட்டவை அல்ல. குறுக்கே துளையிட்டு, அதில் கயிறு கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். துளையின் இடத்தில்தான் முதல் சூட்சுமம். இரு முனைகளும் கட்டற்றிருக்கும் ஒரு பட்டையைத் தட்டினால் நடுப்பகுதி கீழே போகும்போது முனைகள் மேலே எழும். இடையில் இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். இயற்பியலில் அவற்றுக்குக் கணு என்று பெயர். சீரான பட்டையில் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 விழுக்காடு தள்ளி அவை அமைகின்றன. 30 சென்டிமீட்டர் பட்டை என்றால் 6.7 சென்டிமீட்டரில். கயிறு அங்கே பிடித்தால் அதிர்வுக்கு அது இருப்பதே தெரியாது. வேறெங்கு பிடித்தாலும் ஒலி செத்துவிடும்.

பட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் நடுவில் வில்போலக் குடையப்பட்டிருக்கும். இது அழகுக்காகச் செய்ததல்ல. குடையாத பட்டை தன் அடிப்படைச் சுரத்தோடு அதன் 2.76 மடங்கு, 5.40 மடங்கு என்று முழு எண்ணில் அடங்காத மேற்சுரங்களையும் கிளப்பும். இரும்புத் துண்டைத் தட்டினால் 'டங்' என்று வருமே தவிர, அது இன்ன சுரம் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். நடுவில் உலோகத்தைச் சுரண்டி எடுத்தால் அடிப்படைச் சுரம் வெகுவாகத் தாழும், மேற்சுரம் அந்த அளவுக்குத் தாழாது. இரண்டுக்கும் இடைவெளி சரியாக 4 மடங்கு ஆகும்வரை சுரண்டுகிறார்கள். 4 மடங்கு என்றால் துல்லியமாக இரண்டு ஸ்தாயி. காது அதை வேறு சுரமாக எடுத்துக்கொள்ளாமல் அதே சுரத்தின் பளபளப்பாக ஏற்றுக்கொள்கிறது.

மெல்லிய பட்டை தனியாகக் காற்றை அசைப்பதில் கெட்டிக்காரன் அல்ல. மேல்பக்கம் தள்ளிய காற்று விளிம்பைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு பட்டையின் கீழும் அடி மூடிய குழாய் ஒன்று நிற்கிறது. குழாயின் நீளம் அந்தச் சுரத்தின் அலைநீளத்தில் கால் பங்கு. கீழ்க்கோடிப் பட்டைக்குச் சுமார் 49 சென்டிமீட்டர், மேல்கோடிக்கு 6 சென்டிமீட்டர் போதும். (மேடையில் பார்வையாளர் பக்கம் தெரியும் குழாய்வரிசை அழகிய வளைவாக இறங்கி ஏறுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். பல கருவிகளில் அது தோற்றத்துக்காகத்தான். உள்ளே தேவையான உயரத்தில் அடைப்பு வைத்திருப்பார்கள்.) கால் அலைநீளக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு: அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 மடங்குகளுக்கே அது ஒத்ததிரும். பட்டையின் மேற்சுரமோ 4 மடங்கில் இருக்கிறது. ஆகவே குழாய் அடிப்படைச் சுரத்தை மட்டும் தூக்கிக்கொடுத்து மேற்சுரத்தைக் கைவிட்டுவிடுகிறது. வைப்ரபோனின் குளிர்ந்த, கலப்பில்லாத ஒலி இந்தப் பாரபட்சத்தில் பிறந்தது.

இனி அந்த நடுக்கம். ஒவ்வொரு குழாயின் வாயிலும் வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. தகடுகள் எல்லாம் நீண்ட தண்டுகளில் கோக்கப்பட்டிருக்கும். கருவியின் ஓரத்தில் உள்ள மோட்டார் அவற்றைச் சுழற்றும். தகடு செங்குத்தாக நிற்கும்போது குழாய் திறந்திருக்கும், ஒலி பொங்கும். படுக்கையாக வரும்போது குழாய் அடைபடும், ஒலி தணியும். தகடு ஒரு சுற்று முடிப்பதற்குள் இது இரண்டு முறை நிகழ்ந்துவிடும். ஆக, ஏறி இறங்குவது ஒலியின் அளவுதான், சுருதி அல்ல. வைப்ரபோன் என்ற பெயருக்குக் காரணமான 'வைப்ரேட்டோ', அதாவது சுருதியை அசைப்பது, கண்டிப்பாகப் பார்த்தால் தவறான சொல். காதுதான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. நான் ஏமாந்த இடமும் அதுவே.

அடைபடும் நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. குழாய் திறந்திருந்தால் பட்டையின் ஆற்றல் வேகமாக ஒலியாக வெளியேறும். மூடியிருந்தால் அது பட்டையிலேயே சேமிப்பாக நிற்கும். உரக்க ஒலிப்பதும் நெடுநேரம் ஒலிப்பதும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன. அலுமினியத்துக்குள் உராய்வு இழப்பு மிகக் குறைவு என்பதால் அந்தக் கையிருப்பு பல நொடிகள் தாங்கும். மரப்பட்டை கொண்ட மரிம்பாவில் இது நடக்காது. மரத்தின் நார்களே அதிர்வைத் தின்றுவிடும்.

வெப்பநிலையும் இதில் கை வைக்கிறது. காற்று 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடானால் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 352 மீட்டராகும். குழாய் விரும்பும் சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி உயர்ந்துவிடும். உலோகமோ சூட்டில் சற்று இளகித் தாழ்ந்த சுருதிக்குப் போகும். பட்டை ஒரு பக்கம், குழாய் மறுபக்கம். திறந்தவெளிக் கச்சேரியில் வைப்ரபோன் திடீரென்று சோகையாகக் கேட்டால் வாசிப்பவரைக் குறை சொல்வதற்கு முன் வெப்பமானியைப் பார்ப்பது நியாயம்.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இருந்த லீடி நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த எஃகுப் பட்டைக் கருவியைச் செய்தது. 1927 வாக்கில் சிகாகோவின் டீகன் நிறுவனம் எஃகை அலுமினியமாக மாற்றி, ஒலியை அடக்கக் காலால் இயக்கும் பெடலையும் சேர்த்தது. 1930இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவுக்கு வந்த லயனல் ஹாம்ப்டன் கூடத்தில் கிடந்த இந்தக் கருவியை வாசித்துப் பார்க்க, ஜாஸுக்குள் அது நுழைந்தது. ஹாம்ப்டனின் மோட்டார் வேகமாகச் சுழன்றது. பின்னால் வந்த மில்ட் ஜாக்சன் அதை நிதானமாக்கினார். வேகத்தைக் குறைத்ததும் துடிப்பு பெருமூச்சாக மாறியது. ஒரு திருகைத் திருப்பியதில் ஒருவரின் குரலே பிறந்துவிட்டது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கேரி பர்ட்டன் இன்னும் ஒரு படி போய் மோட்டாரை நிறுத்தியே விட்டார். ஒரு கைக்கு இரண்டாக நான்கு கோல்களைப் பிடித்து, பியானோவைப்போல நான்கு சுரங்களை ஒருசேர எழுப்பினார். அதில் ஒரு சிக்கல் வந்தது. பெடலை விட்டால் நீண்ட கம்பளிப் பட்டை எழுந்து எல்லாப் பட்டைகளையும் ஒன்றாக வாயடைக்கும். மிதித்தால் எல்லாம் ஒன்றாக முழங்கும். ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை. ஒரு கோலால் அடுத்த சுரத்தைத் தட்டும் அதே கணத்தில் முந்தைய சுரத்தின் மேல் இன்னொரு கோலின் தலையை அழுத்தி அதை மௌனமாக்குவதுதான் அவர் முறை. அவர் வாசிப்பைக் காணொளியில் பார்த்தால் கோல்களில் பாதி, ஒலி எழுப்பாமல் ஒலியைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

சுரத்தை வளைக்கவும் ஒரு வழி உண்டு. கடினமான கோல் ஒன்றைக் கணுவின் மேல் அழுத்தி வைத்து, பட்டையைத் தட்டிவிட்டு, அழுத்திய கோலை நடுப்பகுதி நோக்கி இழுக்க வேண்டும். கணுவில் இருக்கும்வரை கோலின் எடை பட்டைக்கு ஒரு பொருட்டல்ல. அசையும் பகுதிக்கு வரவர, பட்டை அந்த எடையையும் சுமந்துகொண்டு ஆட வேண்டியிருக்கிறது. ஆட்டம் மெதுவாகிறது, சுருதி தாழ்கிறது. அதிகம் போனால் அரைச்சுரம் அளவுக்குத்தான். அதுவும் கீழ்நோக்கி மட்டுமே. எடையைச் சேர்க்கலாம், இருக்கும் எடையைக் கழிக்க முடியாதே.

கோலே ஒரு தனிக்கதை. நூல் சுற்றிய மென்மையான தலை பட்டையோடு சற்று அதிக நேரம் ஒட்டி நிற்பதால் வேகமான மேற்சுரங்கள் எழுவதற்குள் அமுங்கிவிடும். கடினத் தலை தொட்டதும் துள்ளும், மேற்சுரங்கள் தப்பிவிடும். சரியாக நடுவில் தட்டினால் 4 மடங்கு மேற்சுரம் எழாது, அதன் கணு அங்கே இருப்பதால். சற்றுத் தள்ளித் தட்டினால் பளபளப்பு வரும். சோதனை முயற்சிக்காரர்கள் கோலையே தூக்கிவைத்துவிட்டு டபுள் பேஸ் வாத்தியத்தின் வில்லால் பட்டையின் முனையை உரசினார்கள். வில் ஒட்டி ஒட்டி வழுக்கும்போது தட்டல் ஓசையே இல்லாமல் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவியது போன்ற ஒலி, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் வளரும்.

முலாட்டுவுக்கு வருவோம். 1943இல் எத்தியோப்பியாவின் ஜிம்மாவில் பிறந்தார். பொறியியல் படிக்க வேல்ஸுக்கு அனுப்பப்பட்ட பையன் இசைக்குத் திரும்பி, லண்டன் வழியாக பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரிக்கு வந்து வைப்ரபோன் பிடித்தார். 1960களில் நியூயார்க்கில் லத்தீன் தாளங்களோடு கலந்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். எத்தியோ ஜாஸ் என்று இன்று அறியப்படும் பாணி அவரிடம்தான் உருவானது. எத்தியோப்பிய இசை ஐந்து சுர அமைப்புகளில் நடப்பது. ஜாஸ் பன்னிரண்டு சுரங்களில் அலைவது. அவர் எடுத்துக்கொண்ட வேலை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று கொட்டுவதல்ல, ஐந்தின் முகம் கெடாமல் பன்னிரண்டை அதன் கீழே ஓடவிடுவது.

இதற்கு வைப்ரபோன் ஏன் பொருந்தியது? டிஸிட்டா என்ற அமைப்பின் ஒரு வடிவம் நம் காதுக்கு மோகனமாகவே படும்: ஸரிகபத. எங்கும் அரைச்சுர நெருக்கம் இல்லை. பெடலை மிதித்தபடி அந்த ஐந்தையும் முழங்கவிட்டாலும் ஒன்றையொன்று கடிக்காது. இதை எண்களில் பார்க்கலாம். நெருங்கிய இரு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலித்தால் அவற்றின் வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை நொடிக்கு ஒலி ஏறி இறங்கும். அதற்கு விம்மல் என்று பெயர். நடுப்பகுதியில் 523 ஹெர்ட்ஸையும் அதற்கு அரைச்சுரம் மேலுள்ள 554 ஹெர்ட்ஸையும் சேர்த்தால் நொடிக்கு 31 விம்மல். காதில் அது சொரசொரப்பு. முழுச்சுரம் தள்ளி 587 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 64. சொரசொரப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆன்சிஹோயே என்ற இன்னோர் அமைப்பிலோ அரைச்சுர ஜோடிகள் இரண்டு உண்டு. பெடல் காலை நம்பி அதை வாசித்தால் மேல்பகுதியில் உரசல் வரும். கருவியின் கீழ்க்கோடியில் வேறு விதம்: 175, 185 ஹெர்ட்ஸ் பட்டைகள் சேர்ந்தால் நொடிக்குப் பத்து விம்மல். மோட்டாரை வேகமாக ஓடவிட்டால் தகடுகள் தரும் துடிப்பும் ஏறத்தாழ இதே அளவுதான். இயந்திரம் செய்யும் வேலையை இரண்டு சுரங்கள் சேர்ந்து சும்மா செய்துவிடுகின்றன.

பாலித் தீவின் கேமலான் குழுக்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். அவர்களுடைய வெண்கலப் பட்டைகளின் கீழும் குழாய்கள் உண்டு, மூங்கிலில். மோட்டார் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடி செய்து, ஒன்றை மற்றதைவிடச் சில ஹெர்ட்ஸ் உயர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். இரண்டையும் ஒன்றாகத் தட்டினால் விம்மல் எழுந்து ஒலி மினுங்கும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஓம்பாக்', அலை என்று பொருள். மேற்கு ஆப்பிரிக்காவின் பலஃபோன் வேறு பாதை பிடித்தது. மரப்பட்டைகளின் கீழ்ச் சுரைக்குடுக்கைகள். குடுக்கையில் துளையிட்டு மெல்லிய சவ்வு ஒட்டுவார்கள், முற்காலத்தில் சிலந்தியின் முட்டைப்பையிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு சுரத்தோடும் அந்தச் சவ்வு ரீங்கரிக்கும். கலப்பில்லாத ஒலிக்காகக் குழாயும் குடைவும் தேடிய தொழிற்சாலைக்காரர்களுக்கு அது இரைச்சல். பலஃபோன்காரருக்கு அது இல்லாத சுரம் வெறும் சுரம்.

இத்தகைய காதுகள் ஒன்றுகூட வேண்டும் என்று நினைத்தவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பிறந்த வைப்ரபோன் கலைஞர் கார்ல் பெர்கர். 1965இல் பாரிஸில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டான் செரியின் குழுவில் சேர்ந்தார். பின்னர் அமெரிக்காவுக்குப் போய், 1970களின் தொடக்கத்தில் பாடகி இங்க்ரிட் செர்ட்சோ, சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் ஆகியோருடன் நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் அருகே ஓர் இசைப்பள்ளி தொடங்கினார். பல நாட்டுக் கலைஞர்கள் அங்கே வந்து கற்பித்தார்கள். தாளத்தை எண்ணுவதற்கு அவர் அமைத்த முறை 'கமல தகி': மூன்றுக்கு 'கமல', இரண்டுக்கு 'தகி'. 'தகிட', 'தக' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதில் விளக்கம் தேவையிருக்காது.

முலாட்டு 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராட்கிளிஃப் நிறுவனத்துக்கு ஆய்வாளராகச் சென்றார். கையில் எடுத்தவற்றில் ஒன்று கிரார், எத்தியோப்பியாவின் பழைய யாழ் வகைக் கருவி. ஐந்து சுரங்களுக்குக் கட்டிப் பழகிய அதன் தந்திகளைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் இடம் கொடுக்கும்படி நவீனமாக்க முடியுமா என்று பார்த்தார். நாற்பது ஆண்டுகளாகப் பன்னிரண்டு சுர உலோகத்தை ஐந்துக்குப் பழக்கியவர், இப்போது ஐந்து சுரத் தந்தியைப் பன்னிரண்டுக்குப் பழக்கப் போனார்.