+6.4 காட்டினால் வெற்றியா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் சதுரங்கம் பயிலும் பத்தாம் வகுப்பு மாணவன் வாட்ஸ்அப்பில் ஒரு பலகைப் படம் அனுப்பினான். அவனே அமைத்த ஸ்டடி. படத்தின் கீழே ஒரே வரி: "சார், வெள்ளை ஜெயிக்கிறது. இன்ஜின் +6.4 காட்டுகிறது." நகர்வுகளும் இல்லை, விளக்கமும் இல்லை. நிலையை எடைபோட்டு மதிப்பெண் சொல்லும் கணினி நிரலான இன்ஜினே சொல்லிவிட்ட பிறகு வேறென்ன வேண்டும் என்று நினைத்திருப்பான்.

இப்படி வரும் படங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. சிறுவர்கள் மட்டும் அல்லர், பயிற்சியாளர்களும் அனுப்புகிறார்கள். ஸ்டடி அமைப்பதிலும் சரிபார்ப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எழுதிவைக்கத் தோன்றியது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்டடி என்பது ஆட்டத்தில் தானாக அமைந்த நிலை அன்று. ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, காய்களை வைத்து உருவாக்கியது. "வெள்ளை ஆடி வெல்கிறது" அல்லது "வெள்ளை ஆடி டிரா செய்கிறது" என்று அதன் அடியில் ஒரு கூற்று இருக்கும். அந்தக் கூற்று மெய்யாக இருக்க வேண்டும். அதோடு, அங்கே போய்ச்சேரும் வழி ஒன்றே ஒன்றாகவும் இருக்க வேண்டும். ஆசிரியர் நினைக்காத இன்னொரு வழி அகப்பட்டால் அதைக் 'குக்' என்பார்கள். கறுப்பு தப்பிக்க ஓர் ஓட்டை இருந்தாலும் அதே கதிதான். இரண்டில் எது நேர்ந்தாலும் ஸ்டடி செத்தது. +6.4 என்ற எண் இந்த இரண்டில் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை.

மாணவனின் ஸ்டடிக்கு வருகிறேன். அவன் சொன்ன வரிசையில் நகர்த்திக்கொண்டே போனால் கடைசியில் வெள்ளையிடம் ஒரு ராணி, கறுப்பிடம் ஒரு யானையும் ஒரு சிப்பாயும் எஞ்சின. சிப்பாய் தன் பிறந்த வீடான எஃப்7-இல் நிற்கிறது. கறுப்பு ராஜா ஜி7-இல். யானை அந்தச் சிப்பாயின் காவலில் இ6-இல் உட்காரும். தேவைப்பட்டால் ஜி6-க்கு வரும். மறுபடி இ6-க்குப் போகும். வெள்ளை ராஜா அந்த வரிசையைத் தாண்டி உள்ளே வரவே முடியாது. ராணி தனியாக எவ்வளவு ஆட்டம் காட்டினாலும் பயனில்லை. இறுதியாட்டம் படித்தவர்களுக்குப் பழகிய அரண் (எதிரி உள்ளே நுழைய முடியாத தற்காப்பு அமைப்பு) இது, சுத்தமான டிரா. குறைந்த காய்களுள்ள நிலைகளின் முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் தொகுப்பான டேபிள்பேஸ் பையனின் கணினியில் இணைக்கப்படவில்லை. இருக்கும் காய்களை எடைபோட்டு இன்ஜின் ஒரு மதிப்பைச் சொன்னது, அவ்வளவுதான்.

"அதே நிலையில் இன்ஜினைத் தனக்குத்தானே நாற்பது நகர்வு ஆடவிடு, பிறகு எண்ணைப் பார்" என்று பதில் அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது. ராணி பலகை முழுவதும் சுற்றிவந்திருக்கிறது. எண் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றிருக்கிறது. மெய்யான வெற்றி என்றால் ஆட ஆட அந்த எண் ஏற வேண்டும். நகராத எண்ணைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது அரணைத்தான்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதே பலருக்குத் தெரியாது. +1 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்றுதான் நாங்கள் படித்தோம். பலரும் பயன்படுத்தும் இன்ஜினான ஸ்டாக்ஃபிஷ் 2022 டிசம்பரில் வெளியிட்ட 15.1 பதிப்பிலிருந்து அளவுகோலையே மாற்றிவிட்டது. இப்போது +1.00 என்றால், அந்த இன்ஜின் தன்னோடு தானே ஆடும்போது வெல்ல ஐம்பது விழுக்காடு வாய்ப்பு என்று பொருள். ஆக, அது ஒரு வாய்ப்புக் கணக்கு. நடைமுறை ஆட்டத்துக்கு இது போதும், மிகவும் நல்லதும்கூட. ஸ்டடிக்கோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பதும் பூஜ்யமும் ஒன்றுதான்.

அரணை இன்ஜின் காணாமல் போவதற்கு இன்னொரு உதாரணம். 2017-இல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரிலுள்ள நிறுவனம் ஒரு நிலையை வெளியிட்டது. கறுப்பிடம் ராணி, இரண்டு யானைகள், மூன்று பிஷப்கள். வெள்ளையிடம் ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டும். அன்றைய இன்ஜின்கள் கறுப்புக்குப் பெருவெற்றி என்றன. ஆனால் மூன்று பிஷப்களும் கறுப்புக் கட்டங்களில் மட்டுமே உலவுபவை. மற்ற காய்கள் சிப்பாய்ச் சுவருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கின்றன. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே நடந்துகொண்டிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆடத் தெரிந்த மனிதருக்கு இதைப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

சரி, டேபிள்பேஸ் இருந்தால் கவலை இல்லையே என்று கேட்கலாம். பெரும்பாலும் உண்மை. பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ஒவ்வொரு நிலையின் முடிவும் ஏற்கெனவே கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. மாஸ்கோவில் 2012-இல் உருவான லொமனோசோவ் தொகுப்பு சுமார் 140 டெராபைட். 2018-இல் முடிந்த ஏழு காய் சிசிஜி தொகுப்பு சுமார் 17 டெராபைட்டுக்குச் சுருங்கிவிட்டது. லிசெஸ் தளத்தில் யாரும் இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆறு காய் தொகுப்பு 150 ஜிகாபைட் அளவுதான், வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். இங்கே வாய்ப்புக் கணக்கு இல்லை, தீர்ப்பு இருக்கிறது.

ஆனால் எந்தச் சட்டத்தின்படி தீர்ப்பு? இதில்தான் அனுபவசாலிகளும் வழுக்கி விழுகிறார்கள். சிசிஜி ஐம்பது நகர்வு விதியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இரு தரப்பும் ஐம்பது நகர்வு ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்ற போட்டி விதி அது. வெற்றிக்கு அதைவிட நீண்ட காலம் பிடிக்குமானால், "வெற்றிதான், ஆனால் ஐம்பது நகர்வு விதி தடுக்கிறது" என்று தனியாகக் குறித்துக் காட்டும். இன்ஜினோடு இணைத்தால் அதை டிராவாகவே கணக்கில் கொள்ளும். புதிர் அமைப்போரின் சர்வதேசச் சட்டத் தொகுப்போ, தனியாகக் குறிப்பிட்டாலன்றி ஸ்டடிகளுக்கு அந்த விதி பொருந்தாது என்கிறது. ஆக, இயந்திரம் டிரா என்று சொல்வது ஸ்டடிக் கணக்கில் முழு வெற்றியாக இருக்கலாம். ஸ்டாக்ஃபிஷ் அமைப்புகளில் 'சிசிஜி ஃபிஃப்டி மூவ் ரூல்' என்று ஒரு தெரிவு உண்டு. வழக்கமாக அது இயக்கத்தில்தான் இருக்கும். ஸ்டடி சரிபார்க்க உட்காரும்போது நான் முதலில் அணைப்பது அதைத்தான்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பிஷப்கள் ஒரு குதிரையை எதிர்க்கும் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிங்கும் ஹார்விட்ஸும் 1851-இல் அதற்கு ஓர் அரண் காட்டினார்கள்: குதிரை பி7-இல், ராஜா அதன் பக்கத்தில். அது டிரா என்பதைப் பாடப்புத்தகங்கள் நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே எழுதிவந்தன. அதை நம்பி எத்தனையோ பேர் ஸ்டடி அமைத்தார்கள். 1983-இல் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் கணினியைக் கொண்டு எல்லா நிலைகளையும் கணக்கிட்டார். இரண்டு பிஷப்கள் பொதுவாக வெல்கின்றன என்று வந்தது. குதிரையைப் பிடிக்க 66 நகர்வு வரை ஆகலாம். அந்த அரணும் உடைகிறது. கறுப்பு இன்னொரு மூலைக்குப் போய் அதை மறுபடி கட்டினாலும் கடைசியில் தோல்விதான். "இது டிரா" என்ற நம்பிக்கையின் மேல் நின்ற ஸ்டடிகள் ஒரே அடியில் சரிந்தன. 66 என்பது ஐம்பதைவிடப் பெரிது என்பதைக் கவனியுங்கள். தெரிவை அணைக்க மறந்தவருக்கு இன்றைக்கும் இந்த வெற்றிகளில் சில டிராவாகத்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. சிசிஜி, சிப்பாய் நகர்வதற்கோ வெட்டுவதற்கோ எவ்வளவு தூரம் என்றுதான் பார்க்கும். மேட் எவ்வளவு தூரம் என்று பார்க்காது. அதனால் வென்ற நிலையில் சில நேரம் காரணமே இல்லாமல் ஒரு காயைப் பலி கொடுக்கும். அந்த நகர்வை அப்படியே தன் ஸ்டடியின் 'அழகிய பலி' என்று எழுதி அனுப்பியவர் ஒருவரும் இருக்கிறார். வெள்ளை அங்கே எதை ஆடினாலும் வெல்லும் என்று சொன்னபோது அவருக்கு என்மேல் கோபம் வந்தது.

அடுத்தது வழி ஒன்றா, இரண்டா என்ற கேள்வி. 1895-இல் கிளாஸ்கோவில் வந்த சாவெத்ரா நிலையைவிட இதற்கு நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. பலகையில் நான்கே காய்கள். இந்தக் கருவை பார்பியே என்பவர் ஒரு வார இதழின் சதுரங்கப் பத்தியில் டிரா என்று வெளியிட்டார். அந்நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் சாவெத்ரா வெற்றி இருப்பதைக் கண்டுபிடித்தார். சிப்பாய் சி7-க்கு ஏறுகிறது. யானை டி வரிசையிலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க, ராஜா பி5, பி4, பி3, சி2 என்று இறங்கி வருகிறது. யானை டி4-க்கு வந்து பொறி வைக்கிறது: சிப்பாய் ராணியானால் யானை சி4-இல் செக் கொடுக்கும்; ராணி அதை வெட்டினால் ஸ்டேல்மேட், அதாவது கறுப்புக்குச் செக்கும் இல்லை, நகர்வும் இல்லை, டிரா. ஆகவே சிப்பாய் ராணி ஆகாமல் யானை ஆகிறது. உடனே ஏ8-இல் மேட் மிரட்டல். கறுப்பு யானை ஏ4-க்கு ஓடியாக வேண்டும். ராஜா பி3-க்கு வந்தால் ஒரு பக்கம் யானை போகிறது, மறுபக்கம் சி1-இல் மேட்.

இதை டேபிள்பேஸில் போட்டுப் பாருங்கள். நான்காவது நகர்வில் ராஜா பி3-க்கு வந்தாலும் வெற்றி, சி3-க்கு வந்தாலும் வெற்றி என்று காட்டும். அப்படியானால் உலகப் புகழ்பெற்ற இந்த ஸ்டடி செத்ததா? அவசரப்பட வேண்டாம். ராஜா சி3-க்கு வந்தால் யானை டி1-க்குப் போகும், ராஜா சி2, யானை மீண்டும் டி4. அதே நிலை, அதே நகர்வு எண்ணிக்கை. இரண்டு சந்தும் ஒரே தெருவில் போய்ச் சேருகின்றன. சிறு குறை என்று சொல்லலாம், குக் என்று சொல்ல முடியாது. வெற்றி என்ற சொல்லை இயந்திரம் இரண்டு இடத்தில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டும் வேறு வழிகளா, சுற்றிவந்த ஒரே வழியா, வீண் நகர்வா என்று பிரிப்பது நம் வேலை. என் மேசையில் நேரத்தை விழுங்குவது இந்த வேலைதான்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்டடியில் கறுப்பு ராஜாவை இ8-இலும் யானையை எச்8-இலும் வைத்திருந்தேன். இரவெல்லாம் இன்ஜின் ஓடியது. ஓட்டை எதுவும் இல்லை. போட்டிக்கு அனுப்பினேன். திரும்பி வந்த குறிப்பில் ஒரே கேள்வி: "கறுப்பு கேஸ்லிங் செய்தால்?" ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்துவது அது. புதிர்ச் சட்டத்தில், முடியாது என்று நிரூபிக்காதவரை கேஸ்லிங் செய்யலாம். நிலையை உள்ளிடும்போது மென்பொருளில் அந்தச் சிறு கட்டத்தை 'டிக்' செய்ய நான் மறந்துவிட்டேன். நான் கேட்காத கேள்விக்கு இன்ஜின் பதில் சொல்லவில்லை, அதன்மேல் குற்றம் இல்லை. டேபிள்பேஸில் கேஸ்லிங் உரிமையுள்ள நிலைகளே கிடையாது என்பதையும் அன்றுதான் மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் செய்வது இப்படி. முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னால் நடக்கிறேன். கடைசி நிலையை முதலில் டேபிள்பேஸில் உறுதி செய்துகொண்டு ஒவ்வொரு நகர்வாகப் பின்வாங்கினால், இன்ஜினின் நினைவில் பின்னால் வரப்போவது ஏற்கெனவே பதிந்திருக்கும். தலையிலிருந்து தொடங்கினால் கண்ணில் படாதது இப்படிப் படும். வெள்ளையின் ஒவ்வொரு முறையிலும் சிறந்த மூன்று மாற்று நகர்வுகளையாவது சேர்த்துக் காட்டச் சொல்கிறேன். ஒரே வரியைக் காட்டும் வழக்கமான அமைப்பில் குக் தெரியவே தெரியாது; இன்ஜினுக்கு ஒரு வெற்றி கிடைத்துவிட்டால் இரண்டாவதைத் தேட அதற்கு அக்கறை இல்லை. பிறகு ஆசிரியரின் நகர்வைத் தடைசெய்துவிட்டு, மிச்சத்தை மட்டும் தேடச் சொல்கிறேன். இதை இரவு முழுவதும் ஓடவிடுவேன்.

சுக்ஸ்வாங் வரும் இடங்களில் கூடுதல் நேரம் கொடுப்பேன். நகர்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமே வினையாக வந்து முடியும் நிலை அது. இன்ஜின்கள் நேரத்தை மிச்சப்படுத்த, "என் முறையை விட்டுக்கொடுத்தாலும் நான் நன்றாக இருக்கிறேனா?" என்று பார்த்துக் கிளைகளை வெட்டுகின்றன. முறையை விட்டுக்கொடுப்பதே வரமாகிவிடும் நிலையில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். இன்றைய இன்ஜின்களில் இதற்குக் காப்புகள் உண்டு, ஆனால் ஸ்டடி அமைப்பவர்கள் சுக்ஸ்வாங்கைத் தேடித்தேடி வைப்பவர்கள். ஸ்டாக்ஃபிஷோடு, வேறு முறையில் சிந்திக்கும் லீலா என்ற இன்ஜினையும் கேட்பது உண்டு. ஆழத் தோண்டும் வேலையில் ஸ்டாக்ஃபிஷ்தான் என் கை. பிளாஸ்கெட் புதிர் என்று பெயர்பெற்ற ஸ்டடியில் இரண்டையும் ஒப்பிட்ட 2022 ஆய்வும் ஸ்டாக்ஃபிஷையே முன்னால் காட்டியது.

கணினியைக் கொண்டு ஸ்டடி அமைப்பது ஏமாற்று வேலையா என்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. தீர்க்கும் போட்டியில்தான் அதைத் தொடக் கூடாது. அமைப்பவர் சரிபார்க்காமல் அனுப்புவதுதான் என்னைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு.

நேற்று அந்த மாணவனின் ஸ்டடி மூன்றாவது வடிவத்தில் வந்தது. அரண் போய்விட்டது, சிப்பாயை இடம் மாற்றியிருக்கிறான். இந்த முறை எண் எதுவும் எழுதவில்லை. "சார், ஆறாவது நகர்வில் ராஜாவுக்கு இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் வெற்றி என்று வருகிறது. ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் இருந்தது.