உயர் அலைக் கோடாம்!

கடலோர வரைபடம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றில் திரையில் ஒரு கோட்டைக் காட்டி, "இதுதான் உயர் அலைக் கோடு" என்றார்கள். முன்வரிசை மீனவர் ஒருவர் எழுந்தார். "எந்த அலைங்க? புயல் அன்னைக்கு வந்ததா, நேத்து வந்ததா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ, அன்றைக்கு அங்கே கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான்.

ஹை டைட் லைன் என்பதைத்தான் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். டைட் என்றால் ஓதம். நிலவும் ஞாயிறும் இழுப்பதால் கடல்மட்டமே ஏறி இறங்குவது. அலை பெரும்பாலும் காற்று கிளப்புவது, நொடிக்கணக்கில் வந்து போவது. ஓதம் பழைய சொல், பள்ளிப் புவியியல் பாடத்திலும் இருக்கிறது. 'சுவரில் ஓதம் ஏறியிருக்கு' என்று வீட்டிலும் சொல்கிறோம்.

'அலை என்றால்தான் மக்களுக்குப் புரியும்' என்பார்கள். புரிகிறது, தப்பாக. 1991 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தொடங்கி 2011, 2019 அறிவிக்கைகள் வரை, கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கக் கடலோரத்தில் நிலத்தை நோக்கி 500 மீட்டர் அளப்பது இந்தக் கோட்டிலிருந்துதான். அலை எட்டிய இடம் என்று சொல்லிவிட்டால், மீனவர் புயல் நாளைக் காட்டுவார். விடுதி கட்டுகிறவர் கடல் தூங்கும் நாளைக் காட்டுவார். இருவர் சொல்வதும் பொய்யில்லை, சொல்தான் பொய். அப்புறம் கழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓதநீர் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறும், சட்டமும் கூடவே ஏறும். அலையே அடிக்காத உப்பங்கழிக் கரையில் உயர் அலைக் கோட்டை எங்கே போய் வரைவது?

அலையால் கரையை அளந்தவர்களும் உண்டு. ஆறாம் நூற்றாண்டு ஜஸ்டினியன் சட்டத் தொகுப்பில், குளிர்காலத்துப் பேரலை ஓடி எட்டும் இடம் வரை கடற்கரை. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு, அவர்களுக்கு அது சரி. நம் சட்டம் ஓதத்தைச் சொல்லும்போது நாம் ஏன் ரோமாபுரிக்குப் போக வேண்டும்?

ஈழத்தில் வற்றுப்பெருக்கு என்கிறார்கள். அழகான சொல், ஏறுவதும் இறங்குவதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் 'உயர்', 'தாழ்' என்று முன்னே ஒட்டினால் இடிக்கும். எனக்கு உயர் ஓதக் கோடு, தாழ் ஓதக் கோடு போதும். இரண்டுக்கும் நடுவில் மூழ்கி வெளிப்படும் மணல் ஓதங்களிடை நிலம்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அறிவிக்கை சொல்வது, ஸ்பிரிங் டைட் சமயத்தில் நீர்மட்டம் நிலத்தில் எட்டும் உச்சத்தை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம் அது. இரண்டு நாளுக்கும் பொதுவாக உவா என்று தமிழில் ஒரு சொல் சும்மா கிடக்கிறது. உவா ஓதம் என்றால் முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் ஸ்பிரிங்கைத் தேடி, 'வசந்த கால அலை' என்று எழுதியதை நானே படித்திருக்கிறேன். ஆடி அமாவாசைக்கு ஏறும் ஓதத்துக்கு என்ன பெயர் வைப்பாரோ!