ஒரு கோட்டு தரும் பதினேழரை விநாடி

தீயணைப்பு வீரரின் கோட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கோட்டுத் துணியின் சதுரத் துண்டு ஒன்றைச் சட்டத்தில் படுக்கையாகப் பொருத்துகிறார்கள். அடியில் எரிவாயுச் சுவாலையும், சிவக்கக் காய்ந்த குவார்ட்ஸ் குழாய்களும் இருக்கும். துணிக்கு மேலே, மனிதத் தோல் இருக்க வேண்டிய இடத்தில், வெப்ப உணரி ஒன்று. சதுர மீட்டருக்கு 84 கிலோவாட் வெப்பம் துணியைத் தாக்குகிறது. அங்கே தோல் இருந்திருந்தால் கொப்புளம் எழும்பியிருக்கும் என்ற நிலையை உணரி எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள். உலகில் பல இடங்களில் பின்பற்றப்படும், அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் தரவிதி கேட்கும் குறைந்தபட்ச நேரம் 17.5 விநாடி.

தீயணைப்பு உடை நெருப்புக்குள் நடந்து போவதற்கான உடை என்று பலர் நினைக்கிறோம். அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் அந்தக் கணத்தில், அது தருவது வாசலைக் கண்டுபிடித்து வெளியே பாய்வதற்கான நேரம் மட்டும்தான். அந்த நேரத்தைக்கூட எல்லாக் கோட்டும் எல்லா நாளும் தருவதில்லை. புதிதாக, உலர்ந்ததாக, சுத்தமாக இருக்கும் துணிக்குக் கிடைத்த மதிப்பெண் அது. தினமும் உடுத்தி, நனைத்து, புகையேற்றி, அவசரத்தில் வண்டியில் எறிந்த கோட்டின் கதை வேறு. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பதில் இயற்பியலுக்குப் பாதி, நிலையத்தின் வரவுசெலவுக் கணக்குக்குப் பாதி.

கோட்டை அறுத்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியடுக்கு அரமிட் இழைகளால் ஆனது. நோமெக்ஸ், கெவ்லர் என்ற பெயர்களில் நாம் கேள்விப்படும் இழைகள் இவை. கெவ்லரை 1965இல் டூபாண்ட் ஆய்வகத்தில் உருவாக்கியவர் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர். பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அரமிட் உருகாது, சொட்டாது, கருகும். கருகியபின்பும் சிறிது நேரம் தடுப்பாக நிற்கும்.

நடு அடுக்கு ஒரு மெல்லிய சவ்வு. நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறிய, நீராவி மூலக்கூறு தாராளமாகப் போய்வரும் அளவுக்குப் பெரிய நுண்துளைகள் அதில் இருக்கின்றன. வெளித் தண்ணீர் உள்ளே வராமல், உள்வியர்வை ஆவியாகி வெளியேற வேண்டும் என்பதே அதன் வேலை. உள்ளடுக்கு மெத்தைபோலத் தைத்த பஞ்சடுக்கு. உண்மையில் காப்பது அந்தப் பஞ்சைக் காட்டிலும் அதற்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான். அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. அந்த மோசத்தில்தான் ஓர் உயிர் பிழைத்திருக்கிறது.

காற்றைப் பிதுக்கி எடுத்தால் காப்பும் போய்விடும். மூச்சுக்கருவியின் தோள்பட்டை வார் அழுத்தும் இடத்திலும், மண்டியிட்டுத் தவழும்போது முட்டியிலும், தீக்காயம் அதிகம் ஏற்படுவது இதனால்தான். தீயை விட்டு வெளியே வந்தபிறகும் ஆபத்து முடிவதில்லை. துணி உறிஞ்சி வைத்த வெப்பம் உள்ளேயே தங்கியிருக்கும். கையை மடக்கிய கணத்தில் அந்தச் சூடான அடுக்கு தோலில் அழுந்திச் சுட்டுவிடும்.

இதில் ஈரம் சேர்ந்தால் நிலைமை இன்னும் சிக்கல். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சவ்வில் ஒரு கிழிசல் விழுந்து உள்பஞ்சு நனைந்திருந்தால், காற்று இருந்த இடத்தில் நீர் இருக்கிறது. அது சூடேறி ஆவியாகி, குளிர்ந்த தோலில் மீண்டும் நீராகப் படியும்போது தன்னிடமுள்ள உள்ளுறை வெப்பம் முழுவதையும் தோலிடம் கொட்டிவிடும். தோலோ 44 டிகிரி செல்சியசில் வலிக்கத் தொடங்கி, 55இல் கொப்புளித்து, 72இல் உடனே அழிந்துபோகும். நம் உடலின் வழக்கமான சூட்டுக்கும் வலிக்கும் இடையே ஏழே டிகிரிதான் இடைவெளி.

அப்படியானால் பஞ்சை இன்னும் தடிமனாக வைத்துத் தைக்கலாமே? கேட்பது நியாயம்தான், ஆனால் இதில் கொடுமையான ஒரு பேரம் இருக்கிறது. வெப்பத்தை உள்ளே விடாத உடை, உடலின் வெப்பத்தையும் வெளியே விடாது. கனமான கருவிகளோடு படியேறி, குழாயை இழுத்து உழைக்கும் ஒருவரின் உடல் 600 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கும். கோட்டுத் துணி வழியே சதுர மீட்டருக்குக் குறைந்தது 205 வாட் வெளியேற வேண்டும் என்பது அதே தரவிதியின் இன்னொரு நிபந்தனை. உடலின் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்று வைத்தால், வெளியேறுவது சுமார் 370 வாட். மீதி 230 வாட் உடலிலேயே தங்கும். 75 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பம் ஒரு டிகிரி ஏற அப்போது சுமார் 19 நிமிடம் ஆகும். இது இதமான ஆய்வக அறைக்கான கணக்கு. எரியும் கட்டடத்தில் வெப்பம் வெளியேற வழியே இல்லையென்று கொண்டால், அதே ஒரு டிகிரி ஏழெட்டு நிமிடத்தில் ஏறிவிடும். தோராயக் கணக்குதான். ஆனாலும் உடையைத் தடிமனாக்கித் தப்பிக்க முடியாது என்பது இதிலேயே தெரியும்.

சூடேறிய உடலில் வியர்வை வழிந்து ரத்தத்தின் நீர் குறைகிறது. தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயம் தவிக்கிறது. தீயணைப்பு வீரர்களைக் கொல்வது சுவாலைதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதிர்ச்சி தந்தது. பணியின்போது இதயநோயால் இறந்த அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்தார்கள். தீயணைக்கும் வேலை அவர்களுடைய பணிநேரத்தில் 1 முதல் 5 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 32 சதவீதம் அந்தச் சிறு நேரத்துக்குள் நேர்ந்திருந்தன. ஆண்டுதோறும் இதயப் பரிசோதனை, உடற்பயிற்சிக்கு நேரம், தீயிடத்தில் உட்கார ஒரு நிழல், குடிக்கத் தண்ணீர், ஆளை மாற்ற இன்னோர் ஆள் ஆகியவற்றைக் கருவிகளின் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுபவையும் இவைதான்.

முதுகில் இருக்கும் சிலிண்டருக்கும் நேரக்கணக்குதான். 6.8 லிட்டர் கொள்ளளவு, 300 பார் அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 300 மடங்கு) என்றால், உள்ளே ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று நிதானமாக மூச்சுவிட்டால் 50 நிமிடம் வரும். கடும் உழைப்பில் மூச்சு 100 லிட்டரைத் தொடும், அப்போது 20 நிமிடம். அதிலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கூடாது, அது திரும்பி வருவதற்கான காற்று. காற்று கால்பங்காகக் குறைந்ததும் எச்சரிக்கை ஒலித்தால் போதும் என்றுதான் முன்பு இருந்தது. 2013இல் என்எஃப்பிஏ அதை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தியது. ஆக, உள்ளே போக, தேட, இழுக்க எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதின்மூன்று நிமிடம்.

முகக்கவசத்தின் கண்ணாடி என்று நாம் சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். சுமார் 150 டிகிரியில் அது இளகத் தொடங்கும். மொத்த உடையிலும் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான், அதுவும் மூச்சுக்கும் நஞ்சுக்கும் நடுவே நிற்கும் இடத்தில்.

அந்த நஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். சோபா மெத்தையின் பாலியூரித்தேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். சுவாலை அடங்கியபிறகு, கிளறிக் கிளறிக் கனலைத் தேடும் நேரத்திலும் இவை அறையில் மிதந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குப் புகை தெரியாது. நிலையத்தில் மாற்று சிலிண்டர்கள் போதாமல் இருந்தால், காற்று நிரப்பும் கம்ப்ரசர் பழுதாகிக் கிடந்தால், அங்கே கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். ‘அடுத்த அழைப்புக்கு வேண்டும், மிச்சம் பிடி’ என்ற அந்த எண்ணத்தை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இல்லாத சிலிண்டருக்குத் தன் நுரையீரலை ஈடு வைக்கிறார்கள்.

தீயும் பழைய தீ இல்லை. பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் நிறுவனம் ஒரே அளவில் இரண்டு அறைகள் கட்டிக் கொளுத்திப் பார்த்தது. ஒன்றில் மரமும் பருத்தியுமான பழைய சாமான்கள், மற்றதில் நுரைமெத்தையும் செயற்கை இழையுமான இன்றைய சாமான்கள். பழைய அறை மொத்தமாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கூரையடியில் தேங்கிய சூடான வாயு 500, 600 டிகிரியை எட்டியதும், அதன் கதிர்வீச்சில் கீழே இருக்கும் பொருள்கள் எல்லாம் ஒருசேரப் பற்றுவதை ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். முன்பெல்லாம் வண்டி வந்து சேரும் முன் இது நடப்பது அரிது. இப்போது வீரர்கள் கதவைத் திறந்து உள்ளே போகும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறது.

எனவே எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் ஒரு கருவிக் கணக்காகிவிடுகிறது. 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் தண்ணீர் நிறைந்தால், மீட்டருக்கு 1.6 கிலோ. முப்பது மீட்டருக்குத் தண்ணீர் மட்டும் 48 கிலோ, அதை மூலைகளில் திருப்பி, படிகளில் ஏற்ற வேண்டும். அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஎஸ்டி 2010இல் வெளியிட்ட களச்சோதனையில், ஒரு சாதாரண வீட்டுத்தீயில் செய்யவேண்டிய 22 வேலைகளை நால்வர் குழு, இருவர் குழுவைவிட 30 சதவீதம் விரைவாக முடித்தது, மூவர் குழுவைவிட 25 சதவீதம் விரைவாக. இருவர் உள்ளே போனால் அவர்களை மீட்க இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும் என்ற பழைய விதியும் உண்டு. மூன்று பேரோடு வந்த வண்டி அந்த விதியை எப்படிக் காப்பாற்றும்? ஆளைக் குறைத்தால் மிச்சமாகும் சம்பளம் காகிதத்தில் தெளிவாகத் தெரியும். இழந்த நிமிடங்களுக்கு அந்தக் காகிதத்தில் பத்தியே இருக்காது.

தீயணைப்புக்கான நிதி எங்கும் இப்படித் தடுமாறுவதற்கு ஒரு காரணம், வேலை நன்றாக நடந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்பது. எரியாத வீட்டைப் படம்பிடிக்க முடியாது. புது வண்டி வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம். துவைக்கும் இயந்திரத்துக்கு யார் நாடா வெட்டுவார்கள்? எனக்கோ, அந்த இயந்திரம்தான் நிலையத்தின் மிக முக்கியமான கருவிகளில் ஒன்று என்று தோன்றுகிறது.

2022இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. மீசோதீலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுக்கும், சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் போதுமான சான்று இருப்பதாக அது சொன்னது. நச்சு மூச்சு வழியாக மட்டும் வருவதில்லை. கரி படிந்த கோட்டிலிருந்து கழுத்துக்கும், மணிக்கட்டுக்கும், வண்டியின் இருக்கைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் பரவுகிறது. சூட்டில் விரிந்த, வியர்த்த தோல் அதை எளிதில் உள்வாங்கும். கறுத்த கோட்டு அனுபவத்தின் அடையாளம் என்று பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கரி எரியக்கூடியது, வெப்பத்தையும் கூடுதலாக ஈர்க்கும் என்பதால் பெருமைக்கு இடமில்லை. நீர்காக்கும் சவ்வுகளில் பல, பிஎஃப்ஏஎஸ் எனப்படும் எளிதில் சிதையாத வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இன்னொரு கவலை. மாற்றுப் பொருளைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

சரி, துவைத்தால் போதுமே. துவைத்த கோட்டு உலர நேரம் பிடிக்கும், வெயிலில் போடக்கூடாது, புற ஊதாக் கதிர் அரமிட் இழையை நலித்துவிடும். காற்றோட்டமுள்ள நிழலில்தான் உலர வேண்டும். அதற்குள் மணி அடித்தால்? ஒருவருக்கு ஒரே ஒரு கோட்டு இருக்கும் நிலையத்தில் இரண்டே வழிதான். ஈரக்கோட்டோடு போகலாம், அல்லது துவைக்காமலே வைத்திருக்கலாம். ஈரம் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். பெரும்பாலும் துவைக்காமல் வைத்திருப்பார்கள். ஆளுக்கு இரண்டாவது கோட்டு என்பது சொகுசு போலத் தெரியும் செலவு. துவைக்கச் சொல்லும் விதிகளெல்லாம் நடைமுறைக்கு வருவது அந்த இரண்டாவது கோட்டினால்தான்.

கோட்டின் உள்பக்கத்தில் தயாரித்த தேதி அச்சிட்ட ஒரு சீட்டு தைத்திருக்கும். பத்து ஆண்டு ஆனதும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், கழித்துவிட வேண்டும் என்கிறது என்எஃப்பிஏ. முதுமை கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இந்த விதி. ஆனால் அதற்கு முன்பே சோதித்துப் பார்க்க மலிவான இரண்டு வழிகள் உண்டு. உள்ளடுக்கைப் பிரித்து அதன் பின்னால் ஒரு டார்ச் விளக்கைப் பிடிக்க வேண்டும். பஞ்சு திரைந்து விலகிய இடங்களில் ஒளி பிரகாசமாகக் கசியும். பிறகு சவ்வைக் கிண்ணம்போலக் குழித்து, சிறிது ஆல்கஹால் கலந்த தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மறுபக்கத்தில் ஒரு துளி முத்து கோத்தால், சவ்வு போய்விட்டது.

இந்தச் சோதனைக்கு அதிகம் செலவில்லை. செலவு அதற்குப் பிறகுதான். அந்தக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்துவிட்டால், அடுத்த முறைக்கு வருபவருக்கு அதே ஆணியில் வேறொன்று தொங்கியாக வேண்டும்.