மலிவு கிராஃபிக்ஸ் கார்ட்ல எங்க வெட்டுறாங்க எண்டு பாருங்க

மட்டக்களப்பு டவுன்லயும் கல்முனையிலயும் நம்மட பொடியன்மார் வாங்குற கம்ப்யூட்டர்ல கனக்க, ஒஃபிஸ்ல பாவிச்சு கழிச்சதுதான், அதுக்குள்ள மலிவா ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் போட்டா கேம் அடிக்கலாம் எண்டு எல்லாரும் யோசிக்கிற. போடலாம். ஆனா பேரையும், மெமரி எத்தின ஜிபி எண்டதையும் மட்டும் பாத்து வாங்காதீங்க.

கொம்பனிக்காரங்க கார்ட்ட செஞ்சிட்டு விலை போடுறல்ல, விலைய முதல்ல வெச்சிட்டு அதுக்குள்ள அடங்குற மாதிரி கார்ட்ட வெட்டுறாங்க. சிப்ப சின்னனாக்கலாம், ஆனா போர்ட், ஃபேன், பெட்டி, கப்பல் கூலி, கடைக்காரர்ர லாபம் எல்லாம் அந்தளவுக்கு குறையாது, அதால கத்தி விழுறது மெமரியிலயும் டேட்டா போற பாதையிலயும்தான்.

2022 ஜனவரியில ஏஎம்டி கொம்பனி 199 டொலருக்கு விட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்ட்ட எடுங்க. 16 லேன் (டேட்டா போற வழி) இரிக்கிற ஸ்லொட்லதான் குத்துற, ஆனா வேலை செய்யிறது 4 லேன் மட்டும். அந்த ஸ்லொட்ட பிசிஐஇ எண்டு சொல்லுற, அதுட 4ம் தலைமுறை இரிக்கிற மதர்போர்ட்ல அது செக்கனுக்கு 8 ஜிபி கிட்ட அனுப்பும், பிசிஐஇ 3ல பாதி, 4 ஜிபிதான். இன்டெல் 10ம் ஜென் (10ம் தலைமுறை) ப்ராசஸர் வரைக்கும் எல்லாம் பிசிஐஇ 3 இல்லாட்டி அதுக்கும் பழசு, நம்மட ஒஃபிஸ் கம்ப்யூட்டரெல்லாம் அதுக்குள்ளதான் வரும். கார்ட்ல இரிக்கிற மெமரியும் 4 ஜிபிதான், அது செக்கனுக்கு 144 ஜிபி ஓடும். கேம் அந்த 4 ஜிபிய நிரப்பினா மிச்சம் கம்ப்யூட்டர்ர ரேமுக்கு போகும், மறுகா ஒவ்வொரு தடவையும் அந்த ஒடுக்கமான பாதையாலதான் இழுத்து எடுக்கணும், அந்த நேரம்தான் படம் விக்கி விக்கி வரும். அதே கார்ட் புது மதர்போர்ட்ல இவ்வளவு மோசமில்ல.

மத்த கொம்பனி என்விடியா வேற மாதிரி. ஆர்டிஎக்ஸ் 3050 எண்ட ஒரே பேர்ல 8 ஜிபியும் இரிக்கு, 2024ல 169 டொலருக்கு வந்த 6 ஜிபியும் இரிக்கு. ரெண்டாவதுல கோர் (சிப்புக்குள்ள கணக்கு போடுற பகுதி) 2560ல இருந்து 2304, மெமரி பாதை 128 பிட்ல இருந்து 96. இது வாங்குற ஆளுக்கு செய்யிற நியாயமில்ல, வேற பேர் வெச்சிரிக்கணும். ஆனா 70 வாட்தான் இழுக்கும், தனி பவர் வயர் தேவையில்ல, பவர் சப்ளை சின்னனா இரிக்கிற ஒஃபிஸ் பெட்டிக்கு இதுதான் தோது.

விலை இறங்குறது பக்கத்து ஆள பாத்துத்தான். 2023 மே மாசம் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 299 டொலர் எண்டு அறிவிச்ச உடனே, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600ட விலைய கடைசி நேரத்துல 269 ஆக்கினாங்க. 30 டொலர்தானே எண்டு நினைக்காதீங்க, டொலர் 300 ரூபாய் எண்டு வெச்சா 9000 ரூபாய், அதுக்கு மேல வரியும் இரிக்கு.

2024 டிசம்பர்ல இன்டெல் ஆர்க் பி580ய 12 ஜிபியோட 249 டொலருக்கு விட்டாங்க. 4060ட சிப் 159 சதுர மில்லிமீட்டர், இது 272, அவ்வளவு பெரிய சிப்ப இந்த விலைக்கு குடுக்கிறது லாபத்த விட்டு இடம் பிடிக்கத்தான். ஆனா இதுட டிரைவர் (கார்ட்ட ஓட்டுற சொஃப்ட்வெயர்) ப்ராசஸருக்கு வேலைய கூட்டும், பழைய ப்ராசஸர்ல வேகம் நல்லா விழும். ரீசைசபிள் பார் எண்ட வசதியும் (ப்ராசஸர் கார்ட்ட மெமரி முழுக்க ஒரேயடியா எட்டுற வசதி) வேணும், வாங்க முதல் உங்கட பயோஸ்ல (மதர்போர்ட்ட செட்டிங்ல) அது இரிக்கா எண்டு பாருங்க, இல்லாட்டி அந்த கார்ட் உங்களுக்கு வேணாம்.