புழக்க மதிப்பீடு

பால் காய்ச்சி மூன்று மாதம் கழித்துத்தான் அத்தையின் புது வீட்டுக்குப் போக முடிந்தது. செல்லூரில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு சந்தில், திண்ணை வைத்த வீட்டில் காலம் முழுக்க வாழ்ந்தவர். இப்போது ஒத்தக்கடைப் பக்கம் மூன்றாவது மாடி.

"வீடு எப்படி இருக்கு அத்தை?"

"வீட்டுக்கு என்னப்பா, நல்லாத்தான் இருக்கு."

பொழுது சாய்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போய் லிஃப்ட் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த மாடியில் ஆள் நடமாட்டம் உள்ள இடம் அது ஒன்றுதான்.

கட்டட வரைபடத்தில் அந்த நாற்காலி இல்லை. ஆட்கள் வந்து வாழத் தொடங்கிய பிறகு ஒரு கட்டடம் அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டும் கவனித்தும் அளந்தும் பார்ப்பதைக் கட்டடக்கலையில் போஸ்ட் ஆக்குபன்சி எவாலுவேஷன் என்கிறார்கள். வெளிச்சம், இரைச்சல், வெக்கை எல்லாவற்றுக்கும் கருவி உண்டு. அங்கே இருப்பவரின் மனத்துக்கு அந்த இடம் என்ன செய்கிறது என்பதும் இந்த மதிப்பீட்டில் சேரும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். மூன்று துண்டுகளுக்கும் வேர் லத்தீன். போஸ்ட் என்றால் பின். ஆக்குபன்சிக்கு மூலமான 'ஒக்குபாரே' என்ற வினைக்குக் கைப்பற்றுதல், பிடித்துக்கொள்ளுதல் என்று பொருள். நாட்டைப் படை பிடிப்பதற்கும், வீட்டில் ஆள் இருப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். எவாலுவேஷன், பிரெஞ்சு வழியாக 'வலேரே' என்ற வினைக்குப் போகிறது. வலுவாக இருத்தல், நலமாக இருத்தல், மதிப்புப் பெறுதல் மூன்றும் அதற்குப் பொருள். நலம் பற்றிய ஒரு சொல் இந்தத் தொடரின் அடியில் கிடக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குடியமர்வுக்குப் பிந்தைய மதிப்பீடு' என்று வரும். தப்பில்லை. 'மதிப்பீடு' நல்ல சொல். மதித்தல் என்றால் அளவிடுதலும் பொருட்படுத்துதலும்தான். 'குடி' அதைவிடச் செழிப்பானது. வீடு, குடும்பம், ஊர், அங்கே வாழும் மக்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். குடிசை, குடித்தனம், குடியானவர், பரமக்குடி என்று எங்கும் இருக்கிறது. லத்தீன் சொல் இடத்தைப் பிடிக்கிறது, நம் சொல்லில் இடமும் மனிதரும் பிரியாமல் நிற்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் யாரும் குடிபோவதில்லையே. அங்கேதான் இந்தச் சொல் இடறுகிறது.

மனத்தை எப்படி அளப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று 1998 முதல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தீர்களா, அமைதியாக இருந்தீர்களா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, தூங்கி எழுந்தபோது தெளிவாக இருந்ததா, அன்றாடத்தில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டினால் அதிகபட்சம் 25; நாலால் பெருக்கி 100-க்குக் கொண்டுவருவார்கள். குடிபோகும் முன் ஒரு முறை, ஒரு வருடம் கழித்து ஒரு முறை கேட்டால் வித்தியாசம் தெரியும். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் பார்க்காத வீட்டைப் பற்றி அதற்குள் என்ன சொல்லிவிட முடியும்?

சரி, வித்தியாசம் தெரிந்தாலும் அது கட்டடத்தால் வந்ததுதானா? பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில், நூல் அறிந்தவர்கள் நுணுக்கமாகக் கயிறு பிடித்து, திசை பார்த்துப் பாண்டியனுக்கு அரண்மனை வகுத்தார்கள். அதற்குள் தந்தக் கட்டிலில் படுத்திருக்கும் அரசி விரலால் கண்ணீரைத் தெறித்துக்கொண்டிருக்கிறாள். கணவன் பாசறையில் இருக்கிறான். அவளிடம் அந்த ஐந்து கேள்விகளைக் கேட்டால் மதிப்பெண் தரைக்கு வரும்; கயிறு பிடித்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

இந்தச் சிக்கலை அவிழ்த்த ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எடுத்தார். வயது, பாலினம், உடல் எடை, புகைப்பழக்கம் போன்றவற்றில் ஒத்த 23 ஜோடிகளைப் பிரித்தார். ஜோடியில் ஒருவரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், இன்னொருவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் வெளியானது.

வீடு, ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் நம் வாயிலேயே இருக்கிறது: புழங்குதல். 'புழங்குற பாத்திரம்', 'நாலு பேர் புழங்குற வீடு', 'புழங்க இடம் பத்தல' என்று சொல்கிறோம். பயன்படுத்துவது, வளைய வருவது, பழகுவது மூன்றும் அதில் இருக்கின்றன. (புழக்கடை இதோடு சேராது, அது புழைக்கடை, சிறு வாசல் உள்ள பின்பக்கம்.) ஆகவே 'புழக்க மதிப்பீடு' என்பதே என் பரிந்துரை. ஆக்குபன்ட் என்பவர் புழங்குவோர். வீட்டுக்கு மட்டும் என்றால் 'குடிபுகுந்தபின் மதிப்பீடு' என்றும் சொல்லலாம்.

கிளம்பும் முன் லிஃப்ட் பக்கத்தில் நின்றபடி அத்தையிடம் மறுபடி கேட்டேன். "இங்க புழங்குறதுக்கு எப்படி இருக்கு அத்தை?"

"அடுப்படியில ஒரு ஆளு நின்னா இன்னொரு ஆளு திரும்ப முடியலப்பா. துணி காயப்போட மொட்டை மாடிக்குத்தான் ஏறணும். காலையில வெளிச்சம் நல்லா வருது, அதக் குறை சொல்லக் கூடாது. ஆனா கதவச் சாத்திட்டா அம்புட்டுதான், ஒரு மனுச முகம் தெரியாது" என்றார்.