தூக்கம் முதலில் சொல்லிவிடும்

பைபோலார் எனும் இருமுனை மனநோய்க்கு மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் ரிவியூவுக்கு வந்தால், நான் முதலில் கேட்பது "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எப்ப எழுந்தீங்க?" என்றுதான். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்ற பதிலை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மேனியா, அதாவது இந்த நோயில் உற்சாகம் அளவுமீறும் கட்டம், தொடங்கும்போது அவருக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும்! மூன்று மணி நேரமே தூங்கி, அசதியே இல்லாமல் விடியுமுன் வீடு முழுக்கக் கழுவிவிடுவதும், நடுராத்திரியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுத் தள்ளுவதும்தான் விஷயத்தைச் சொல்லும்.

இதையெல்லாம் இப்போது போனே குறித்துவைக்கிறது. 2013இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 48 மாணவர்களின் போனில் ஒரு செயலியைப் போட்டு 10 வாரம் கவனித்தார்கள். படிப்புச் சுமை ஏற ஏற, தூக்கமும் பேச்சும் நடமாட்டமும் குறைந்தது அதில் தெரிந்தது.

சரி, தெரிந்தால் நோய் கட்டுப்படுமா? டென்மார்க்கில் பைபோலார் உள்ளவர்களைத் தங்கள் மனநிலையையும் தூக்கத்தையும் தினமும் போனில் பதிவு செய்யவைத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவுப்படி, வெறும் போன் மட்டும் கொடுக்கப்பட்டவர்களைவிட அவர்களுக்கு அறிகுறிகள் குறைந்துவிடவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நாலு நாள் தூக்கம் குறைந்ததற்கு நைட் ஷிப்ட் காரணமா, கைக்குழந்தையா, ஊர்க் கொடையா என்று போனில் பதிவாகும் எண்ணுக்குத் தெரியாது. மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டும் பயனில்லை. அவர் நன்றாக இருந்தபோது எப்படித் தூங்கினார் என்பதுதான் அளவுகோல். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

"அவ போன்ல என்ன பண்றான்னு தெரியாம பாக்க ஆப் இருக்கா டாக்டர்?" என்று கணவர்கள் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சந்தேகம் தலைதூக்கும் நோயில், உளவு பார்ப்பது வெளிப்பட்டால் மருந்தும் நின்றுபோகும், மருத்துவமனைக்கு வருவதும் நின்றுபோகும்.

அவர் தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்: எத்தனை நாள் தூக்கம் குறைந்தால் டாக்டரிடம் சொல்லலாம், யார் சொல்லலாம், போனில் எதை யாரும் தொடக்கூடாது. நோய் முற்றினால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. பலருக்கு இது தெரிவதேயில்லை. அடுத்த ரிவியூவில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இடையில் அவசரமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி-மானஸ் எண் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.