ஹிட் விழாத வாரங்களில் தூங்காத ரசிகர்கள்

ஃபிலடெல்ஃபியாவில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஜூலை பிறந்துவிட்டால் என்னிடம் வருகிறவர்களில் யாராவது ஒருவர் வீட்டுக் கவலை, வேலைக் கவலையோடு பேஸ்பால் கவலையையும் கொண்டுவந்து இறக்குவார். 'நம்ம பசங்க அடிக்கவே மாட்டேங்கிறாங்க' என்பதுதான் அது. கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை.

ஒருவரைப் பற்றி, அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். பேருந்து ஓட்டுநர், ஐம்பதைத் தாண்டியவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர். எங்கள் ஊர் பேஸ்பால் அணியான ஃபில்லீஸ் கலிஃபோர்னியா பக்கம் ஆடப் போனால் இங்கே ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். காலை நாலரைக்கு வண்டி எடுக்க வேண்டியவர், தோற்ற பிறகும் இருட்டில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீரரின் சராசரியையும் புரட்டிக்கொண்டிருப்பார். "நான் பார்க்காம விட்டா இன்னும் மோசமாயிடும்னு தோணுது" என்றார். தன் கையில் இல்லாத ஒன்றைக் காவல் காத்தே களைத்துப் போயிருந்தார்.

அவருக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். பேஸ்பாலில் ஹிட் என்றால், பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது எட்டுவது. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தாலே பெரிய ஆட்டக்காரர். நாலுக்கு ஒன்று அடிக்கிற ஒருவருக்கு, 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் 500 வாய்ப்பு கிடைக்கிறது என்று வையுங்கள். அவர் திறமை இம்மியும் குறைய வேண்டாம். அப்போதும் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து 15 முறை ஹிட்டே இல்லாமல் போக ஏறக்குறைய 80 சதவீதம் சாத்தியம் உண்டு. தொடர்ந்து 20 முறை வெறுங்கையோடு திரும்பவும் மூன்றில் ஒரு பங்கு சாத்தியம் இருக்கிறது. இப்படி மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டால் அணியே படுத்துவிட்டது போலத் தெரியும். மறைத்து ஆடும் மணிக்கட்டு வலி, தவறிப்போன டைமிங் என்று நிஜக் கோளாறும் இருக்கலாம்தான். ஆனால் இரண்டு வார ஸ்கோரை வைத்து எது எது என்று வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

2023-இல் ஃபில்லீஸ் வீரர் ட்ரே டர்னருக்கு நடந்ததை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். 11 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தவர், ஆகஸ்ட் தொடக்கத்தில் .235 சராசரியில், அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 235 ஹிட் என்ற கணக்கில், தத்தளித்தார். ஊளையிடுவதற்குப் பேர்போன கூட்டம் எங்களுடையது. ஆனால் ஆகஸ்ட் 4 அன்று, எங்கள் மைதானமான சிட்டிசன்ஸ் பேங்க் பார்க்கில் அவர் பேட்டோடு வந்ததும், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதிலிருந்து சீசன் முடியும்வரை .337 அடித்தார், பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் மட்டும் 16. ரசிகர்களுக்கு நன்றி சொல்லி ஊரில் விளம்பரப் பலகைகளே வைத்தார்.

கைதட்டல்தான் அவரை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் எப்படியும் மேலே வந்திருப்பார். அடிமட்டத்தில் இருப்பவர் ஏறத்தான் செய்வார். அந்த நேரத்தில் நாம் எதைச் செய்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். திட்டியிருந்தால், திட்டியதால்தான் திருந்தினான் என்றிருப்போம். பிள்ளைகளின் மார்க் விஷயத்திலும் நாம் ஏமாறுவது இதே இடத்தில்தான்.

தடுமாறுகிறவரைத் திட்டாமல் தாங்கிப் பிடிப்பது நியூயார்க்கின் புரூக்ளின் மக்களுக்கு எழுபது வருடத்துக்கு முன்பே கைவந்திருந்தது. பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1952-இல், அவர்கள் அணியின் கில் ஹாட்ஜஸ் 21 வாய்ப்பில் ஒரு ஹிட் கூட அடிக்கவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்திலும் அப்படியே. ஒரு பாதிரியார், வெயிலுக்கு இன்று பிரசங்கம் வேண்டாம், வீட்டுக்குப் போய் ஹாட்ஜஸுக்காக ஜெபியுங்கள் என்று சபையை அனுப்பிவைத்தார். அந்த சீசனை ஹாட்ஜஸ் .302 சராசரியோடு முடித்தார்.

இப்போது நிலைமை வேறு. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து இந்த மாநிலம் உட்படப் பல இடங்களில் போனிலேயே பந்தயம் கட்டலாம். 'இத்தனை முறை அடிக்கலையே, அடுத்தது கட்டாயம் ஹிட்' என்று பணம் வைக்கிறார்கள். முந்தைய இருபது தோல்விக்கும் அடுத்த பந்துக்கும் அப்படி ஒரு கடன் பாக்கி கிடையாது. பணம் போன ஆத்திரத்தில் வீரர்களின் குடும்பத்துக்கே மிரட்டல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது தோற்ற இரவுகளில் போனை மறைத்து வைத்தால், எரிந்து விழுந்தால், எவ்வளவு பணம் போனது என்று மெதுவாகக் கேளுங்கள். 1-800-GAMBLER (1-800-426-2537) என்ற சூதாட்டச் சிக்கலுக்கான உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

ஓட்டுநர் போன வாரம் வந்திருந்தார். போனை இப்போது சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிறார். ஸ்கோரை விடிகாலையில் மனைவி சொல்கிறார். தோற்றிருந்தால், அவர் காபியைக் குடித்து முடித்த பிறகு.